யானை வாங்குவது எளிது, தீனி?

சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, எங்கள் குடியிருப்பில் மூன்று வீடு தள்ளி இருக்கும் நண்பரின் மகன் வந்தான். குருகிராமில் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது. "மாமா, கரோல்பாக்கில் ஒரு கார் பார்த்து வெச்சிருக்கேன். அப்பா கூடவே கூடாதுங்கிறார். நீங்க ஒரு தடவை வந்து பாருங்களேன்" என்றான்.

கார், 2014இல் பதிவான ஃபோக்ஸ்வேகன் போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ. விற்பவர் கேட்ட விலை 3 லட்சத்து 80 ஆயிரம். பையனின் மொத்தச் சேமிப்பு 4 லட்சம். அப்பா போட்ட சத்தத்துக்குக் காரணம் புரிந்தது.

இரண்டே இருக்கை உள்ள அசல் ஸ்போர்ட்ஸ் கார் நம் போன்ற குடும்பங்களுக்கு எட்டாக்கனி. அந்த ஆசையை ஓரளவு தீர்த்து வைக்கும் சின்னக் கார்களில் இது ஒன்று. 2013இல் இந்தியாவில் அறிமுகமானது. 1,197 சி.சி. டர்போ பெட்ரோல் எஞ்சின், 105 குதிரைத்திறன், ஏழு கியர் கொண்ட டி.எஸ்.ஜி. பெட்டி. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் முதுகு இருக்கையில் ஒட்டிக்கொள்ளும். இந்தியாவில் போலோ விற்பனை 2022இல் முடிந்துவிட்டதால் இனிப் புதிதாகக் கிடைக்காது. பழையதைத்தான் தேட வேண்டும். இளைஞர்கள் மயங்குவதில் வியப்பில்லை.

ஆனால் புதிதில் எட்டு லட்சம் அளவில் விற்ற கார் பாதி விலைக்கும் கீழே வருகிறதென்றால், மீதி விலையை யார் கொடுப்பது? வாங்குபவர்தான், தவணை தவணையாக, பணிமனையில். இதுதான் நான் சொல்ல வந்த விஷயம்.

முதல் செலவு கியர் பெட்டி. இந்த ஏழு கியர் பெட்டிக்குள் எண்ணெயில் மூழ்காத இரண்டு கிளட்சுகள் உள்ளன. ஒன்று ஒற்றைப்படை கியர்களுக்கு, மற்றது இரட்டைப்படைக்கு. திறந்த சாலையில் அருமையாக வேலை செய்யும். தௌலா குவான் நெரிசலில் அங்குலம் அங்குலமாக ஊர்ந்தால் கிளட்சு பாதி பிடித்தும் பிடிக்காமலும் உரசிச் சூடேறித் தேயும். இவற்றை இயக்கும் மெகாட்ரானிக் என்ற பகுதியும் பழுதாவதுண்டு. இந்த வகைப் பெட்டியில் உலகெங்கும் பேசப்பட்ட குறை அது. அதை மாற்றினால் செலவு லட்ச ரூபாயைத் தாண்டிவிடும். புறப்படும்போது வண்டி உதறுகிறதா, ரிவர்ஸ் போட்டால் தயங்கி நகர்கிறதா, மேட்டில் நிறுத்தி எடுத்தால் சீராகப் போகிறதா என்று பாருங்கள். எஞ்சின் ஆறியிருக்கும்போது நீங்களே ஸ்டார்ட் செய்து கேளுங்கள். சில விநாடி சங்கிலி கிலுகிலுத்தால் டைமிங் செயின் தளர்ந்திருக்கலாம். விற்பவர் முன்னதாகவே வண்டியைச் சூடாக்கி வைத்திருந்தால் ஆறவிட்டு மறுபடி வாருங்கள்.

அடுத்தது பெட்ரோல். தில்லி நெரிசலில் லிட்டருக்கு 10 கிலோமீட்டர், ஆண்டுக்கு 12,000 கிலோமீட்டர், லிட்டர் 95 ரூபாய் என்று வைத்தால் 1,14,000 ரூபாய். 15 கிலோமீட்டர் கொடுக்கும் சாதாரணக் காருக்கு 76,000தான். வேகத்தின் விலை ஆண்டுக்கு 38,000. இதற்கு மேல், 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் 2025இல் நாடெங்கும் பரவிவிட்டது. இந்தக் கார்கள் அதற்காக வடிவமைக்கப்பட்டவை அல்ல. மைலேஜ் சற்றுக் குறையும். ரப்பர் குழாய்களை அவ்வப்போது பார்த்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது காகிதச் செலவு. வாங்கிய 14 நாளுக்குள் இன்ஷூரன்ஸைப் பெயர் மாற்றக் கோர வேண்டும். பழைய உரிமையாளரின் நோ கிளெய்ம் போனஸ் நமக்கு வராது; அது ஆளுக்கு உரியது, வண்டிக்கு அல்ல. நிலுவை சலான்களையும் வங்கிக் கடன் பதிவையும் பரிவாகன் இணையதளத்தில் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

நம்மைப் போல் ஊர் விட்டு ஊர் வந்தவர்களுக்கு இன்னொன்றும் உண்டு. மாற்றலாகிச் சென்னைக்கோ கோவைக்கோ காரைக் கொண்டுபோய் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும். இங்கே தடையில்லாச் சான்று வாங்கி, அங்கே சாலை வரி கட்டி, பிறகு இங்கே கட்டிய வரியில் மீதியைத் திரும்பக் கேட்டு நடக்க வேண்டும். இங்கேயே வைத்திருந்தாலோ வயது வரம்பு. தில்லி வட்டாரத்தில் பெட்ரோல் வண்டிக்கு 15 ஆண்டு, டீசலுக்கு 10 ஆண்டு என்பதை உச்ச நீதிமன்றம் 2018இல் உறுதி செய்தது. 2025இல் அது மறுபடி நீதிமன்றத்தின் முன் வந்தது; எனவே வாங்கும் அன்று விதி என்ன என்று கேட்டுக்கொள்ளுங்கள். 2014 வண்டிக்கு 2029இல் 15 வயது நிறையும். அதை வைத்துத்தான் விலை பேச வேண்டும்.

அன்று கரோல்பாக்கில் அந்தக் காரைச் சுற்றி வந்தோம். பெயிண்ட் பளபளத்தது. டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கங்களைப் படிக்கச் சொன்னேன். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. 3217 என்று இருந்தது. அதாவது 2017ஆம் ஆண்டின் 32ஆவது வாரம். நான்கு டயரும் உடனே மாற்ற வேண்டியவை. மிண்டோ பாலத்தடி வெள்ளத்தில் மாட்டிய வண்டியா என்று தரைவிரிப்பைத் தூக்கிப் பார்க்க வேண்டுமென்றேன். விற்பவர் முகம் சுளித்தார். சர்வீஸ் புத்தகம் கேட்டோம். "வீட்டில் இருக்கிறது" என்றார். திரும்பிவிட்டோம்.

வீட்டில் காகிதமும் பேனாவும் எடுத்து உட்கார்ந்தோம். கையில் உள்ள பணத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் காருக்குக் கொடுக்கக் கூடாது. மீதி முதல் ஆண்டுப் பழுதுக்கு என்பது நான் சொன்ன கணக்கு. அவன் முகம் வாடியது. "அப்போ வாங்கவே முடியாதா மாமா?" என்றான். "வாங்கலாம். இப்போ வேண்டாம்" என்றேன்.

பத்து மாதம் பொறுத்தான். பிறகு முழு சர்வீஸ் விவரத்துடன் அதே ரகக் கார் ஒன்றை, வெளி மெக்கானிக்கை வைத்துப் பார்த்து, வாங்கினான். ஒன்றேகால் லட்சத்தைத் தனியாக வங்கியில் போட்டு வைத்திருக்கிறான். மலை மந்திரில் பூஜை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி ஓட்டி வந்தபோது பின் இருக்கையில் அவன் அப்பாவும் இருந்தார்.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. "வேண்டாம்" என்று நாம் சொல்லிவிட்டால் பிள்ளைகள் நமக்குத் தெரியாமல் கடன் வாங்கி வாங்குவார்கள். அதைவிட, உடன் உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். அந்தக் கணக்கு, நாம் சொல்ல நினைத்ததையெல்லாம் நம்மைவிடப் பொறுமையாக அவர்களுக்கு எடுத்துச் சொல்லும்.