கிராம சபையை இழந்த ஊர்களுக்குப் பகுதி சபை வேண்டும்: திருவண்ணாமலை மாநகராட்சி குறித்து எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு

திருவண்ணாமலை நகராட்சியைப் புதுக்கோட்டை, நாமக்கல், காரைக்குடி ஆகிய நகரங்களோடு சேர்த்து மாநகராட்சியாக உயர்த்துவதெனத் தமிழக அரசு 2024 மார்ச் மாதத்தில் அறிவித்து, அவ்வாண்டு ஆகஸ்டிலேயே அதற்கு உருவமும் கொடுத்துவிட்ட பின்னர், நகரைச் சூழ்ந்த ஊராட்சிகள் அதனுள் அடங்குவது பற்றிப் பலவிதமான அபிப்பிராயங்கள் ஊரில் எழுந்துள்ளமையால், எங்கள் சங்கத்தின் கருத்து இன்னதென்பதை ஒளிவுமறைவின்றி எழுதி வெளியிடுவது கடமையெனக் கருதுகிறோம். மாநகராட்சி என்னும் அந்தஸ்தை நாங்கள் வரவேற்கிறோம். ஆயினும், இணைக்கப்படும் ஊர்களின் ஜனங்கள் தங்கள் கிராம சபையை இழந்த நாளிலேயே அதற்கு ஈடான பகுதி சபையைப் பெற வேண்டும் என்றும், அச்சபையின் தீர்மானங்கள் மாமன்றத்தின் முன் கட்டாயமாக வைக்கப்பட வேண்டும் என்றும், அடுத்த தேர்தல் வரையில் இதனை ஒத்திப்போடுவது நியாயமன்று என்றும் உறுதியாகக் கூறுகிறோம்.

இவ்வூரின் ஸ்தல ஸ்தாபனம் நேற்று முளைத்ததன்று. ஸ்தல சுயாட்சிக்கு வழிகோலிய தீர்மானத்தை ரிப்பன் பிரபு 1882இல் வெளியிட, அதனையொட்டிச் சென்னை மாகாணத்தில் 1884இல் ஜில்லா முனிசிபாலிடிகள் சட்டம் இயற்றப்பட, அதற்கு இரண்டாண்டுகள் கழித்து 1886இல் திருவண்ணாமலை முனிசிபாலிடி அமைந்தது. குடிநீர், தெருவிளக்கு, துப்புரவு முதலியவை ஜனங்களின் வாசற்படியிலேயே நிகழும் விஷயங்களாதலால், அவற்றை அவ்வூர் ஜனங்களின் பிரதிநிதிகளே நிர்வகிக்க வேண்டும் என்பதுதான் அந்த ஏற்பாட்டின் உயிர்நிலை. 1993 ஜூன் முதல் நாள் அமலுக்கு வந்த அரசியல் சாசனத்தின் 74ஆவது திருத்தம் அந்த உயிர்நிலைக்கு அரண் செய்தது. அவ்வளவு நீண்ட சரித்திரம் உடைய ஸ்தாபனம் விரிவடையும்போது, பிரதிநிதித்துவம் குறுகுவது பொருந்தாது.

குறுகியிருக்கிறது என்பதே எங்கள் முறையீடு. மாமன்றத்தில் இன்று அமர்ந்திருக்கும் உறுப்பினர்கள், 2022 பிப்ரவரி 19ஆம் தேதி நடந்த தேர்தலில், பழைய நகராட்சியின் 39 வார்டுகளிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். சுற்றியுள்ள ஊர்களின் ஊராட்சித் தலைவர்களும் வார்டு உறுப்பினர்களும் 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்டு, 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு பதவிக்காலம் முடிந்து விலகினர். ஆகவே, வேங்கிக்கால் போன்ற ஊரில் வசிக்கும் ஒரு குடியானவர், தம் தெருவில் குழாய் உடைந்தால் முறையிடுவதற்கு ஊராட்சித் தலைவரும் இல்லை, தாம் வாக்களித்து அனுப்பிய கவுன்சிலரும் இல்லை என்னும் நிலைமைக்கு ஆளாகிறார். அதிகாரிகள் திறமையும் நல்லெண்ணமும் உடையவர்களாகவே இருக்கலாம். எனினும் அதிகாரியிடம் விண்ணப்பிப்பது வேறு, பிரதிநிதியைக் கேள்வி கேட்பது வேறு. வார்டுகளை வரையறுத்துத் தேர்தல் நடத்துவதற்குக் காலம் பிடிக்கும் என்பதை அறிவோம்; அந்த இடைக்காலத்தைப் பற்றியே பேசுகிறோம்.

ஊராட்சி ஜனங்கள் இழப்பது என்ன என்பதை நகரத்தார் சற்றுப் பொறுமையோடு எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு தடவை, வாக்காளர் பட்டியலில் பெயருள்ள எவரும் வந்து அமர்ந்து, ஊராட்சியின் வரவு செலவைக் கேட்கவும், மதுக்கடை வேண்டாம் என்றும் ஏரிக்கரையைப் பலப்படுத்த வேண்டும் என்றும் தீர்மானம் போடவும் கிராம சபை இடமளித்தது. அத்தீர்மானங்கள் எல்லாம் நிறைவேறிவிட்டன என்று சொல்லமாட்டோம். ஆனால், தலையில் முக்காடிட்ட ஒரு மூதாட்டி ஒலிபெருக்கியின் முன் எழுந்து நின்று கணக்குக் கேட்கும் உரிமை, நகரத்தில் பட்டம் பெற்றவர்க்கும் வாய்க்காத உரிமையாக இருந்தது. அதோடு, ஊரகக் குடும்பங்களுக்கு மட்டுமே உரியதும் ஜனங்கள் நூறு நாள் வேலை என்று வழங்குவதுமான திட்டம், ஊர் நகரமாகிவிட்டால் கிடைப்பதில்லை. வீட்டு வரியோ நகர விகிதத்தை நோக்கி ஏறும். வருமானம் குறைந்து வரி கூடும் வேளையில், பேசும் இடமும் மறைந்துபோவது மூன்றாவது தண்டனையாகும்.

இந்நகரின் விசேஷ நிலைமை காரணமாக இவ்விஷயம் மற்ற நகரங்களினும் இங்கே அவசரமானது. அண்ணாமலையைச் சுற்றிச் செல்லும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில், பழைய நகராட்சியின் எல்லைக்குள் அமைந்தது ஒரு பகுதியே. அஷ்டலிங்கங்களைத் தரிசித்துக்கொண்டு யாத்ரிகர்கள் நடக்கும் வழியின் பெரும்பகுதி, அத்தியந்தல், அடி அண்ணாமலை போன்ற ஊர்களின் வழியே செல்கிறது. பௌர்ணமிதோறும் இலட்சக்கணக்கானோர் நடந்து, கார்த்திகை தீபத்தன்று அதனினும் பன்மடங்கு ஜனங்கள் திரண்டு, விடியற்காலையில் அவரவர் ஊருக்குத் திரும்பிய பின், அன்னதான இலைகளும் காகிதத் தட்டுகளும் தண்ணீர் பாட்டில்களும் அவ்வூர்களின் ஓடைகளிலும் குளங்களிலும் தங்கிவிடுகின்றன. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நகராட்சியின் ஜனத்தொகை 1,45,278. மானியங்கள் பெரிதும் ஜனத்தொகையை அனுசரித்தே பகிரப்படுவதால், ஓரிரவு தங்கிச் செல்லும் யாத்ரிகர் எந்தக் கணக்கிலும் சேர்வதில்லை. அவர் விட்டுச்செல்லும் பாரமோ துப்புரவுப் பணியாளரின் முதுகில் முழுமையாக ஏறுகிறது. யாத்ரிகர் வருகையை எங்கள் சங்கம் ஒருபோதும் சுமையென்று இகழாது. அவர்களால் வாழும் குடும்பங்கள் இவ்வூரில் அநேகம். யாத்ரிகரும் கணக்கில் சேர்க்கப்பட வேண்டும் என்பதே எங்கள் பிரார்த்தனை.

பாதையின் நிர்வாகமும் பலர் கையில் பிரிந்துகிடக்கிறது. சாலை நெடுஞ்சாலைத் துறையினுடையது. மலையும் காடும் வனத்துறையினுடையவை. ஆலயம் அறநிலையத் துறையின் பரிபாலனத்தில் உள்ளது. குப்பையும் தண்ணீரும் ஸ்தல ஸ்தாபனத்தின் பொறுப்பு. 2016இல் பாதையை அகலப்படுத்த மரங்கள் வெட்டப்பட்டபோது, அதைத் தடுக்கப் பசுமைத் தீர்ப்பாயம் தலையிட வேண்டியதாயிற்று. நிழல் மரங்களை வெட்டலாமா என்று பாதையோரத்து ஜனங்களை ஒரு சபையில் கூட்டி முன்கூட்டியே கேட்டிருந்தால், வழக்கு மன்றம் வரை போயிருக்காது என்றே நம்புகிறோம்.

2024 டிசம்பர் 1ஆம் தேதி, ஃபெஞ்சல் புயலின் பெருமழையில் அண்ணாமலையின் சரிவு இடிந்து, வ.உ.சி. நகரில் ஐந்து குழந்தைகள் உட்பட ஏழு பேர் மண்ணுள் மாண்டனர். அந்தத் துக்கத்தை வாதத்துக்கு ஆதாரமாக்குவது எங்களுக்கு உவப்பன்று. ஆயினும் சொல்லாமல் விடவும் மனம் வரவில்லை. எந்த ஓடை தூர்ந்துவிட்டது, எந்தப் பாறைக்குக் கீழே வீடுகள் ஏறுகின்றன என்பதை முதலில் காண்பவர்கள் அச்சரிவில் வாழும் ஜனங்களே. அவர்களுடைய அறிவு மாமன்றத்தின் மேஜைக்கு வந்து சேர ஒரு நியமமான வழி வேண்டும்.

அதற்கான வழியைப் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. மூன்று இலட்சம் ஜனங்களுக்கு மேற்பட்ட நகரங்களுக்கே வார்டுக் குழுவை அரசியல் சாசனம் விதித்திருக்க, தமிழக அரசு 2022இல் வகுத்த விதிகள் மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி என்ற வேறுபாடின்றி வார்டுக் குழுவையும் பகுதி சபையையும் ஏற்படுத்தின. அவ்வாண்டு நவம்பர் 1ஆம் தேதி தாம்பரம் மாநகராட்சியின் பம்மலில் நடந்த பகுதி சபையில் முதலமைச்சரே கலந்துகொண்டார். கவுன்சிலர் இல்லாத இணைப்பு ஊர்களில், தேர்தல் வரையில், ஆணையரோ அவர் நியமிக்கும் அதிகாரியோ அச்சபையைக் கூட்டலாம். பகுதி சபை கவுன்சிலரின் கௌரவத்துக்குக் குறைவு என்று சிலர் சொல்லக் கேட்டோம். ஒப்புக்கொள்ள இயலவில்லை; ஜனங்களின் தீர்மானத்தைக் கையில் ஏந்தி மாமன்றத்தில் எழும் உறுப்பினரின் சொல்லுக்குப் பலம் கூடுமேயன்றிக் குறையாது. உத்திரமேரூரில் பராந்தக சோழன் காலத்து 919, 921ஆம் ஆண்டுச் சாசனங்கள், ஊரை முப்பது குடும்புகளாகப் பகுத்துக் குடவோலையால் வாரியங்களைத் தேர்ந்ததையும், கணக்குக் காட்டாதவரோடு அவருடைய உறவினரையும் விலக்கி வைத்ததையும் கல்லில் காட்டுகின்றன. நிலமுடைய சில ஆடவர்க்கே அச்சபையில் இடமிருந்தது என்பதை நாங்கள் மறக்கவில்லை. கணக்குக் கேட்ட அந்தக் கண்டிப்பை மட்டும், எல்லோருக்கும் இடமளிக்கும் சபைக்கு வேண்டுகிறோம்.

ஆகையால், மாமன்றத்தின் அடுத்த சாதாரணக் கூட்டத்திலேயே இணைப்பு ஊர்களுக்கான பகுதி சபைகளின் தேதிகள் அறிவிக்கப்பட வேண்டும். மாமன்றத்துக்கு வரும் பொருள்களின் பட்டியல் கூட்டத்துக்கு முன்பே ஒவ்வொரு வார்டிலும் தமிழில் ஒட்டப்பட வேண்டும். கிரிவலத் துப்புரவின் வரவும் செலவும் பொதுக் கணக்கில் கரையாமல் தனித் தலைப்பில் காட்டப்பட வேண்டும். இவ்வறிக்கையின் பிரதிகளை மேயருக்கும், ஆணையருக்கும், மாவட்ட ஆட்சியருக்கும், 39 உறுப்பினர்களுக்கும் நேரில் அளிக்கிறோம். சபைகள் கூடும் ஊர்களில், நடவடிக்கைக் குறிப்பை எழுதித் தரவும், எழுதப் படிக்கத் தெரியாதவர்களின் மனுக்களை அவர்கள் சொற்படியே எழுதிக் கொடுக்கவும், எங்கள் சங்கத்து உறுப்பினர்கள் ஊதியமின்றி வந்து இருப்பார்கள்.