இல்லத்துப் படங்களைக் காக்கும் வழி



பிழைப்பின் பொருட்டுப் பிற மாநிலங்களில் குடியேறிய நம் குடும்பங்களில், ஊரிலுள்ள பாட்டியின் முகத்தைப் பேரக்குழந்தை அறிவது பெரும்பாலும் படத்தின் வாயிலாகவே. முன்னாளில் அப்படங்கள் தகரப் பெட்டியில் இருந்தன. இந்நாளில் இன்ஸ்டாகிராம் முதலிய தளங்களில் இருக்கின்றன. அவ்விடம் நமக்குச் சொந்தமானதன்று. நம் நாட்டில் பெருவழக்கிலிருந்த ஆர்குட் தளம் 2014 செப்டம்பர் 30 அன்று மூடப்பட்டது. படங்களை எடுத்துக்கொள்ள 2016 செப்டம்பர் வரை தவணை தந்தனர்; அதற்குள் எடாதார் படங்கள் போயின.

ஆதலின் நாம் ஏற்றும் படங்களுக்கு வீட்டுக் கணினியிலும் ஒரு படி இருத்தல் வேண்டும். மாதந்தோறும் கையால் எடுப்போம் என்னும் உறுதி இரண்டு மாதங்களுக்கு மேல் நிலைப்பதில்லை. வேலையைக் கணினியிடமே ஒப்படைத்தல் தக்கது.

இதற்கு வேண்டுவன இரண்டு. முதலாவது, பைத்தான் மொழியில் எழுதப்பட்ட இன்ஸ்டாலோடர் என்னும் இலவச மென்பொருள். படத்தோடு அதன்கீழ் நாம் எழுதிய குறிப்பையும் இது தனிக்கோப்பாகச் சேமிக்கும். கோப்பின் பெயரிலேயே நாளும் நேரமும் அமைந்திருக்கும். அது உலகப் பொது நேரமாதலால் நம் நேரத்திற்கு ஐந்தரை மணி பிந்தியிருக்கும். ‘பாஸ்ட் அப்டேட்’ என்னும் விருப்பத்தைச் சேர்த்தால், முன்பே எடுத்த படம் எதிர்ப்பட்டவுடன் வேலை நின்றுவிடும். புதியன மட்டுமே வந்து சேரும்.

இரண்டாவது, லினக்ஸ் கணினியிலுள்ள கிரான். புகைவண்டி அலுவலகத்தில் எழுத்தராயுள்ள நமக்கு இதன் இயல்பு எளிதில் விளங்கும். இது கணினியின் கால அட்டவணை. நிமிடம், மணி, தேதி, மாதம், கிழமை என ஐந்து கட்டங்கள் உண்டு. 0 21 * * 0 என்று குறித்தால் ஞாயிறுதோறும் இரவு 9 மணிக்கு வேலை தொடங்கும். உடுக்குறி ‘எதுவாயினும்’ எனப் பொருள்படும். அவ்வேளையில் கணினி அணைந்திருந்தால் கிரான் பின்னர் ஈடு செய்யாது. ஆகவே நள்ளிரவை விடுத்து, வீட்டார் கணினியில் அமரும் பொழுதைக் குறித்தல் நலம். விண்டோஸில் இப்பணியை டாஸ்க் ஷெட்யூலர் செய்யும்.

சில எச்சரிக்கைகளும் உள. அனுமதியின்றித் தானியங்கு முறையில் தகவல் திரட்டுவதை அத்தளத்தின் விதிகள் ஏற்பதில்லை. கணக்கு முடக்கப்படவும் கூடும். இதற்கு அஞ்சுவோர், தளமே தரும் தகவல் பதிவிறக்க வசதியை மூன்று மாதத்திற்கொரு முறை கையாளலாம். கடவுச்சொல்லை நிரலுக்குள் எழுதி வைத்தல் ஆகாது. அயல்வீட்டுக் குழந்தைகளின் படங்களை அவர்தம் பெற்றோர் இசைவின்றித் திரட்டுதல் முறையன்று.

இறுதியாக, மாதம் ஒருமுறை கோப்புறையைத் திறந்து, படங்கள் வந்துள்ளனவா என்று கண்ணால் காணுங்கள். வேறொரு வட்டிலும் ஒரு படி வையுங்கள். பாட்டியின் முகத்தை நம் மக்கள் நம் வீட்டிலேயே காணட்டும்.