வேலைக்கு வருபவர் கடனோடு வரக் கூடாது

2024 ஆகஸ்டில் பிரதமர் அன்வார் இப்ராஹிம் புதுடில்லி சென்றபோது, தொழிலாளர்களை வேலைக்கு எடுப்பது முதல் தாயகம் திருப்பி அனுப்புவது வரையிலான புரிந்துணர்வு ஒப்பந்தம் ஒன்றில் மலேசியாவும் இந்தியாவும் கையெழுத்திட்டன. நல்ல தொடக்கம். ஆனால் அதன் பயனை ஒரே கேள்விதான் தீர்மானிக்கும்: ஆள் எடுக்கும் செலவை யார் கட்டுவது? முழுவதையும் முதலாளியே கட்ட வேண்டும் என்பது நம் உறுதியான நிலைப்பாடு.

இந்தக் கேள்வி பினாங்கு மாநிலத்தின் சுங்கை பாக்காப் வட்டாரத்துக்குப் புதிதல்ல. 19-ஆம் நூற்றாண்டில் நாகப்பட்டினத்தில் கப்பலேறி, பினாங்கில் இறங்கி, இங்குள்ள கரும்புத் தோட்டங்களுக்கு நம் முன்னோர் சஞ்சிக்கூலிகளாக, அதாவது ஒப்பந்தக் கூலிகளாக, வந்தனர். வழிச்செலவு அவர்கள் பெயரிலேயே கடனாக ஏறியது. 1907-இல் தமிழர் குடியேற்ற நிதி உருவானது. தோட்ட முதலாளிகளிடம் வரி வசூலித்து, அந்தப் பணத்தில் தொழிலாளர் கடனின்றி வரவழைக்கப்பட்டனர். 1910-இல் சஞ்சிமுறையே ஒழிக்கப்பட்டது. காலனி அரசு கருணையால் இதைச் செய்யவில்லை. ரப்பர் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. ஆனாலும் முதலாளி செலவை ஏற்பது நடக்கக்கூடியதே என்பது நூறாண்டுக்கு முன்பே இங்கு நிரூபணமாகிவிட்டது.

இன்று இப்பகுதியின் வால்டோர், பத்து காவான் தொழிற்பேட்டைகளுக்கு வங்காளதேசம், நேப்பாளம், மியன்மார் எனப் பல நாட்டவர் வருகிறார்கள். நேப்பாளம் 2018-இல் மலேசியாவோடு செய்த ஒப்பந்தத்தில் விமானக் கட்டணம், விசா, மருத்துவப் பரிசோதனை எல்லாம் முதலாளியின் பொறுப்பு என்று எழுதி வாங்கியது. இந்திய விதிகளோ ஏஜெண்டு தொழிலாளியிடம் 30,000 ரூபாய் வரை வாங்க இடம் தருகின்றன. ஆள் எடுக்கும் கட்டணத்தைத் தொழிலாளி மீது சுமத்தக் கூடாது என்று 2018-இன் ஐ.நா. குடிபெயர்வு உடன்படிக்கை சொல்லும்போது, இந்தியா இந்த விதியை வைத்திருப்பது நியாயமல்ல.

செலவு கூடினால் சிறு தொழிற்சாலைகள் தாங்காது என்பார்கள். முதலாளிகள் கட்டாத பணம் மறைந்துவிடுவதில்லை. ஊரில் நகையும் நிலமும் அடகுக்குப் போகின்றன. பிள்ளையின் படிப்புக்குப் போகவேண்டிய சம்பளம் வட்டிக்குப் போகிறது. குடிபெயர்வால் வரும் வளர்ச்சி அங்கேயே கரைந்துவிடுகிறது. கடன்பட்டவர் எந்தக் கூலிக்கும் தலையாட்டுவார். அதனால் உள்ளூர்த் தொழிலாளியின் சம்பளமும் உயராது. நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் இதில் நட்டம் உண்டு.

ஆகவே இரு அரசுகளும் மூன்று காரியங்களைச் செய்ய வேண்டும். செலவு முழுவதும் முதலாளிக்கே என்பதை ஒப்பந்தத்தில் சேர்த்து, தொழிலாளி படிக்கும் மொழியில் வெளியிட வேண்டும். மீறி வாங்கிய பணத்தைத் திருப்பித் தரச் செய்ய வேண்டும். புகார் கொடுத்தவரின் வேலை பெர்மிட் விசாரணை முடியும்வரை ரத்தாகாமல் காக்க வேண்டும்.

1938-இல் மலாயாவில் கூலி குறைக்கப்பட்டபோது, ஆள் அனுப்புவதையே இந்தியா நிறுத்தியது. அடிமை நாடாக இருந்தபோதே எடுக்க முடிந்த அந்த முடிவின் துணிவு, சுதந்திர நாடுகள் இரண்டு சேர்ந்து அமரும் மேசையில் குறையக் கூடாது.