எலி பிழைத்தால் போதுமா?

1985 ஜூலையில், எய்ட்ஸால் பாதிக்கப்பட்ட ஹாலிவுட் நடிகர் ராக் ஹட்சன் பாரிஸ் ஓட்டல் ஒன்றில் மயங்கி விழுந்தார். எச்பிஏ-23 என்ற ஊசி மருந்தை நம்பித்தான் அவர் அந்த ஊருக்குப் போயிருந்தார். டங்ஸ்டனும் ஆன்டிமனியும் சேர்ந்த கனிமச் சேர்மம் அது. எலிகளுக்கு ரத்தப் புற்றுநோய் உண்டாக்கும் ரெட்ரோவைரஸை அது அடக்குவதை எழுபதுகளிலேயே கண்டவர், பின்னாளில் எச்ஐவியைக் கண்டறிந்த குழுவில் இருந்த ழான்-குளோத் ஷெர்மான். எய்ட்ஸுக்குக் காரணமும் ரெட்ரோவைரஸ்தான் என்று தெரிந்ததும் அமெரிக்க நோயாளிகள் பாரிஸுக்கு விமானம் ஏறினார்கள். அக்டோபர் 2 அன்று ஹட்சன் இறந்தார். பிறகு நடந்த ஆய்வுகளில் அந்த மருந்தால் நோயாளிகளுக்குப் பலன் எதுவும் தெரியவில்லை. ரத்தத் தட்டணுக்கள் குறைந்ததுதான் மிச்சம்.

அதற்காக எலிச் சோதனையே வீண் என்று சொல்லிவிட முடியாது. ஏஇசட்டி மருந்தும் 1974-ல் முதலில் தடுத்தது ஓர் எலி வைரஸைத்தான். ஆனால் அது 1986-ல் 282 நோயாளிகளிடம் முறையாகச் சோதிக்கப்பட்டது. மருந்து பெற்ற 145 பேரில் ஒருவர் இறந்தார். வெற்று மருந்து பெற்ற 137 பேரில் 19 பேர் இறந்தார்கள். 1987 மார்ச்சில் அனுமதி கிடைத்தது. எலி வைரஸின் முன்னால் இரண்டுமே நம்பிக்கை தந்த மருந்துகள்தான். எது தேறும் என்பது மனிதர்களிடம் ஒப்பிட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

இன்னொரு சிக்கலும் உண்டு. சாதாரண எலிக்கு எச்ஐவி தொற்றுவதே இல்லை. எல்பி-பிஎம்5 என்ற எலி வைரஸ் கலவையைச் செலுத்தி ‘எலி எய்ட்ஸ்’ உண்டாக்குகிறார்கள். வீங்கிய மண்ணீரலை எடுத்து எடை போட்டு மருந்தின் பலனை அளக்கிறார்கள். பயனுள்ள சோதனைதான், ஆனால் அந்த வைரஸ் வேறு, எச்ஐவி வேறு.

தமிழ்நாட்டுக்கும் இதில் பாடம் இருக்கிறது. தாம்பரம் அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையில் தொண்ணூறுகளில் எச்ஐவி நோயாளிகளுக்கு ரசகந்தி மெழுகு, அமுக்கரா சூரணம், நெல்லிக்காய் லேகியம் ஆகிய சித்த மருந்துகள் தரப்பட்டன. அன்று எச்ஐவியை அடக்கும் கூட்டு மருந்தின் விலை ஏழைகளுக்கு எட்டாதது. கையில் இருந்ததைக் கொடுத்துக் காப்பாற்ற முயன்றவர்களைக் குறை சொல்வது நியாயமில்லை. அந்தக் கூட்டு மருந்தை (ஏஆர்டி) இலவசமாகத் தரும் திட்டம் 2004 ஏப்ரலில் தொடங்கியபோது, அதன் முதல் மையங்களில் அந்த மருத்துவமனையும் ஒன்று. அன்றைய நியாயம் இன்று செல்லாது.

ரசகந்தி மெழுகில் பாதரசமும் கந்தகமும் சேர்கின்றன. முறைப்படி சுத்தி செய்தால் நஞ்சு நீங்கும் என்கிறார்கள் வைத்தியர்கள். இருக்கலாம், ஆனால் அதை ஏட்டைக் காட்டி நிரூபிக்க முடியாது. பாதரசம் முதலில் தாக்கும் உறுப்புகளில் ஒன்று சிறுநீரகம். தயாரிப்பின் ஒவ்வொரு தொகுதியிலும் பாதரச அளவைப் பார்க்க வேண்டும், எலியின் சிறுநீரகத்தைப் பரிசோதிக்க வேண்டும். அதில் தேறினால், ஏஆர்டியை நிறுத்தாமல் அதோடு சேர்த்துக் கொடுத்து, மெழுகு பெறாத குழுவோடு ஒப்பிட வேண்டும்.

தேசிய சித்த மருத்துவ நிறுவனமும் இருப்பது அந்த மருத்துவமனை உள்ள தாம்பரம் சானடோரியத்தில்தான். இரண்டு நிறுவனங்களும் சேர்ந்து இந்த ஆய்வை நடத்த அரசு பணம் ஒதுக்கட்டும். முடிவு பாதகமாக இருந்தாலும் மறைக்காமல் வெளியிடட்டும். அதுவரை, எலிச் சோதனை அறிக்கையைக் காட்டி ‘எய்ட்ஸ் குணமாகும்’ என்று எவரும் மருந்து விற்க அனுமதிக்கக் கூடாது.