சூம் குறைஞ்சால் என்ன, கிட்டப் போவம்

பயணத்துக்குக் கமரா வாங்கப் போறம் எண்டால் கூட்டாளிமார் முதலில் கேட்பது "சூம் எவ்வளவு?" என்றுதான். எங்களைக் கேட்டால், சூமே இல்லாத சின்னக் கமராதான் நல்லது.

70-200 எஃப்/2.8 லென்ஸ் ஒன்றே ஏறக்குறைய ஒரு கிலோவிலிருந்து ஒன்றரைக் கிலோ வரை வரும். ரிக்கோ ஜிஆர் 3 முழுக் கமராவும் 257 கிராம்தான். அதிலுள்ள ஏபிஎஸ்-சி சென்சர், ஒரு அங்குல சென்சரைவிட மூன்று மடங்கு பெரிய பரப்பு. பொழுதுபட்ட வெளிச்சத்தில் வித்தியாசம் தெரியும். லென்ஸ் கழற்றி மாத்திற வேலையும் இல்லை. குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்குப் போற படகில், உப்புத்தண்ணி தெறிக்க லென்ஸ் மாத்த ஏலுமோ?

ஆனால் பாரத்தைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கு. நீள லென்ஸ் இருந்தால், வலை தைக்கிற ஐயாவையும் மீன் வெட்டுற அம்மாவையும் தூர நிண்டு, அவைக்குத் தெரியாமலே எடுத்துப்போடலாம். போரையும் பிறகு வறுமையையும் படம்பிடிக்க வந்தவர்களை எங்கட சனம் கனக்கப் பார்த்துவிட்டது. 28 மி.மீ. பார்வையோட அப்படி எடுக்க ஏலாது. கிட்டப் போகவேணும், கதைக்கவேணும், "எடுக்கட்டோ?" எண்டு கேட்கவேணும். வேண்டாம் எண்டால் கமராவைப் பைக்குள் வைக்கவேணும்.

குமணவில் பறவை எடுக்கிறவைக்கு நீள லென்ஸ் தேவைதான். ஊரையும் மனிசரையும் எடுக்கிறவை சின்னதையே பாருங்கோ. காசில்லாட்டிப் போனிலயே, சூம் பண்ணாமல் பழகலாம். அதின்ட பிரதான லென்ஸும் அநேகமாக 24-28 மி.மீ. பார்வைதான்.