விருந்து பத்து, லீவு எட்டு

கல்யாணமான மொத கோடையில ஒரு ஜோடிக்குக் கிடைக்கிற லீவு யாருக்குச் சொந்தம்? அந்த ரெண்டு பேருக்கா, இல்ல அவங்களுக்கு விருந்து வைக்கக் காத்திருக்கிற சொந்தபந்தத்துக்கா?

சித்திரை, வைகாசியில கெங்கவல்லி பக்கம் பஸ் ஏறிப் பாருங்க, பதில் தெரிஞ்சிடும். ஜன்னலோரம் பட்டுச்சேலையில ஒரு புதுப்பொண்ணு. பக்கத்துல விறைப்பான வெள்ளைச் சட்டையில மாப்பிள்ளை. மடியில ரெண்டு கிலோ ஆப்பிள், ஒரு ஸ்வீட் பாக்ஸ். மத்தியானம் ஆத்தூர்ல சித்தப்பா வீடு, ராத்திரி தம்மம்பட்டியில அத்தை வீடு. மறுநாள் வீரகனூர், அதுக்கடுத்த நாள் தலைவாசல். ரெண்டு பேரும் கிளம்பினது ஊர் சுத்திப் பார்க்க இல்ல, வீடு வீடா இலை முன்னாடி உக்கார.

நான் சொல்ல வர்றது இதுதான்: விருந்து வேணும். ஆனா அந்த லீவுல பாதியாவது அந்த ஜோடி கையில இருக்கணும். அதுக்குப் பணம் பெரிய தடை இல்ல. பெரியவங்க போடுற பட்டியல்தான் தடை. "எஞ்சினியரிங் படிக்கிற நமக்கு இது எதுக்கு"ன்னு கேக்காதீங்க. இன்னும் நாலஞ்சு வருசத்துல அந்த பஸ்ல உக்காந்திருக்கப் போறது நாமதான்.

வேற மாவட்டத்து நண்பர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். மறுவீடு முடிஞ்சதும் சொந்தக்காரங்க ஒவ்வொருத்தரா ஜோடியை விருந்துக்குக் கூப்பிடுவாங்க. நாட்டுக்கோழி அடிச்சு, இலை போட்டு, "இன்னும் கொஞ்சம் வச்சுக்கோங்க மாப்ள"ன்னு சொல்லிச் சொல்லிப் பரிமாறுவாங்க. கிளம்பும்போது ஒரு தட்டுல வெத்தலை பாக்கு, பழம், பொண்ணுக்கு ஒரு சேலை, மாப்பிள்ளைக்கு வேட்டி சட்டை. ஆடி பொறந்துட்டா பொண்ணை அம்மா வீட்டுக்கு அழைச்சிட்டுப் போயிடுவாங்க. வெளியூர்ல வேலை பார்க்கிற ஜோடிக்கு நெனச்சப்பல்லாம் வந்துபோகவும் முடியாது. அதனால எல்லா விருந்தும் மே மாசத்துல ஒண்ணு மேல ஒண்ணா வந்து விழும்.

இதுல நல்லது இல்லையான்னா, நிறையவே இருக்கு. கல்யாண மண்டபத்துல ஆயிரம் பேர் வந்தாலும் ஒருத்தருக்கு ஒரு போட்டோ நேரம்தான். அதுல யாரு பெரிய மாமா, யாரு ஒண்ணுவிட்ட அண்ணன்னு புதுப்பொண்ணுக்கு எப்படித் தெரியும்? விருந்துக்குப் போன வீட்லதான் பேரும் முகமும் மனசுல பதியும். மண்டபத்துக்கு வர முடியாம கட்டில்லயே கிடக்கிற அப்பாயிக்கு, பேரன் பொண்டாட்டியை ஒரு தடவை கையைப் பிடிச்சுப் பார்க்கணும்னு இருக்கும். நாளைக்கு ஆஸ்பத்திரி, அவசரம்னா ராத்திரி ரெண்டு மணிக்குப் பைக்கை எடுத்துட்டு வரப்போறது இதே சொந்தம்தான். அதனால விருந்தே வேண்டாம்னு சொல்றவங்க கட்சியில நான் இல்ல.

எனக்குப் பிரச்சினை கணக்குலதான்.

2025 நவம்பர் வரைக்கும் அமல்ல இருந்த 1948-ம் வருசத்துத் தொழிற்சாலைகள் சட்டத்துல ஒரு கணக்கு இருந்துச்சு. வருசத்துல 240 நாள் வேலை பார்த்தவருக்கு, 20 நாளுக்கு ஒரு நாள் வீதம் அடுத்த வருசம் சம்பளத்தோட லீவு. அதாவது 240 நாள் உழைச்சா 12 நாள். உங்க கம்பெனி இதைவிடக் கொஞ்சம் கூடவே கொடுக்கலாம். ஆனா தீபாவளி, பொங்கல், ஊர்ப் பண்டிகை, ஒடம்பு சரியில்லாத நாள் எல்லாம் போக, மே மாசத்துக்குன்னு ஒருத்தர் சேர்த்து வைக்கிறது ஒரு வாரம், மிஞ்சினா பத்து நாள். அந்தப் பத்து நாளுக்குத்தான் இத்தனை பேர் போட்டி.

எங்க பெரியப்பா பொண்ணுக்குப் போன தையில கல்யாணம். அக்காவும் மாமாவும் சென்னையில வேலை. மே மாசம் எட்டு நாள் லீவு போட்டுட்டு, எழும்பூர்ல சேலம் ரயில் ஏறி ஆத்தூர்ல வந்து இறங்கினாங்க. எட்டு நாள்ல பத்து விருந்து. மாமா பக்கம் ஏழு, அக்கா பக்கம் மூணு. நடுவுல ஒரே ஒரு நாள் கொல்லிமலை போயிட்டு வரலாம்னு ரெண்டு பேரும் பேசி வச்சிருந்தாங்க. அன்னைக்குக் காலையிலதான் ஒரு பெரியவர் போன் பண்ணி, "எல்லார் வீட்டுக்கும் போறீங்க, எங்க வீடு மட்டும் இளப்பமா?"ன்னு கேட்டார். கொல்லிமலை அதோட போச்சு. ஊருக்குக் கிளம்புறப்ப அக்கா என்கிட்ட சொன்னது: "பத்து வீட்டுல சாப்பிட்டோம்டா. நாங்க ரெண்டு பேரும் தனியா பேசினது பஸ்ல மட்டும்தான்."

இதைச் சின்ன விசயமா தள்ளிட முடியாது. அவங்களுது பெரியவங்க பார்த்து வச்ச கல்யாணம். நிச்சயத்துக்கு அப்புறம் நாலு மாசம் போன்ல பேசினதுதான் பழக்கம். கல்யாணம் முடிஞ்சதும் ரெண்டு பேருக்கும் ஷிப்ட், ட்ராபிக், வாடகை வீடு. ஒருத்தருக்கு எதுல கோவம் வரும், எதுல சிரிப்பு வரும், காசை எப்படிச் செலவு பண்ணுவார்னு தெரிஞ்சுக்க நேரம் வேணும். "சொந்தக்காரங்களைத் தெரிஞ்சுக்கணும்"னு சொல்ற நாம, கட்டிக்கிட்டவரைத் தெரிஞ்சுக்க எத்தனை நாள் ஒதுக்குறோம்?

பொண்ணு பக்கத்துல இருந்தும் கொஞ்சம் பாருங்க. சித்திரை வெயில்ல பட்டுச்சேலை. போன வீட்லயெல்லாம் மாப்பிள்ளைக்கு நாற்காலியும் பேனும். பொண்ணு மட்டும் பத்து நிமிசத்துல சமையல்கட்டுக்குப் போயிடணும், இல்லன்னா "வேலைக்குப் போற பொண்ணு, அப்படித்தான் இருக்கும்"னு ஒரு பேச்சு. விருந்தாளின்னு கூப்பிட்டுட்டுப் பாத்திரம் கழுவ விடுற விருந்து இது ஒண்ணுதான்.

விருந்து வைக்கிறவங்க கதை இன்னொண்ணு. வசதியான வீட்டுக்கு நாட்டுக்கோழியும் ரெண்டு பேருக்குத் துணியும் பெருசா தெரியாது. மரவள்ளிக் காட்டுல கூலிக்குக் கிழங்கு புடுங்கப் போற சித்திக்கு அது பல நாள் கூலி. ஆனா "அவங்க என் பொண்ணுக்குச் செஞ்சாங்க, நான் செய்யாம இருந்தா நல்லாவா இருக்கும்?"னு குழுவுல கடன் வாங்கியாவது செஞ்சிடுவாங்க. அந்தச் சேலை பீரோவுல மடிப்புக் கலையாம இருக்கும், சித்தி வாராவாரம் தவணை கட்டிக்கிட்டு இருப்பாங்க. இப்படி ஒரு விருந்து அந்த ஜோடிக்கும் சந்தோசம் இல்ல, சித்திக்கும் சந்தோசம் இல்ல. மரியாதைக்குப் பயந்து ரெண்டு பக்கமும் நடத்துறாங்க, அவ்வளவுதான்.

இதுக்கு நேர் எதிரா இன்னொரு கூட்டம் இருக்கு. விருந்தெல்லாம் பழசு, கல்யாணம் ஆனா பாலி, மாலத்தீவுன்னு போயே ஆகணும், கையில காசு இல்லன்னா பர்சனல் லோன். நாலு ராத்திரி தங்கிட்டு வந்து ரெண்டு வருசம் இஎம்ஐ கட்டுறது. ஊர்ல சித்தி கட்டுறது சேலைத் தவணைன்னா இவங்க கட்டுறது போட்டோத் தவணை. அடுத்தவங்க என்ன நெனப்பாங்கன்னு செய்றதுல ரெண்டுக்கும் வித்தியாசம் கிடையாது.

"தேனிலவு"ங்கிற வார்த்தையே இங்கிலீஷ்ல இருந்து வந்ததுதான். ஆனா 19-ம் நூற்றாண்டு தொடக்கத்துல இங்கிலாந்துல வசதியான வீட்டு ஜோடிங்க கல்யாணம் முடிஞ்சதும் போன பயணம் எதுக்குத் தெரியுமா? கல்யாணத்துக்கு வர முடியாத சொந்தக்காரங்களை அவங்க வீட்டுக்கே போய்ப் பார்க்க. சில சமயம் குடும்பத்து ஆளுங்களும் கூடவே போவாங்க. கிட்டத்தட்ட நம்ம விருந்து மாதிரியேதான். அப்புறம் ரயில் வந்துச்சு, கையில காசும் வந்துச்சு, அந்தப் பயணம் கொஞ்சம் கொஞ்சமா ஜோடிக்கே ஜோடிக்குன்னு மாறிடுச்சு. அதனால சொந்தக்காரங்களைப் பார்க்கிறதும் ஊர் சுத்துறதும் எதிரெதிர் இல்ல. ரெண்டையும் ஒரே பயணத்துல சேர்க்க முடியும்.

எப்படின்னா, நாலு விசயம்.

முதல்ல, வீட்டுக்கொரு விருந்துன்னு இல்லாம ஊருக்கொரு விருந்துன்னு வைக்கணும். ஒரே ஊர்ல மூணு பங்காளி வீடு இருந்தா மூணு பேரும் சேர்ந்து ஒரே வேளை. கோழி ஒருத்தர், அரிசி மளிகை ஒருத்தர், பாத்திரம் பண்டம் ஒருத்தர். நடக்க முடியாத பெரியவங்க வீட்டுல வச்சா இன்னும் நல்லது. எல்லாரையும் ஒரே இடத்துல பார்த்த மாதிரியும் ஆச்சு, மூணு நாள் ஒரு நாளாவும் ஆச்சு.

ரெண்டாவது, ரெண்டு பக்கத்துக்கும் சரி பாதி. மாப்பிள்ளை பக்கம் மூணுன்னா பொண்ணு பக்கமும் மூணு. அதுல எந்த வீடு முதல்ல, எந்த வீடு அடுத்ததுன்னு முடிவு பண்றது அந்த ரெண்டு பேராத்தான் இருக்கணும்.

மூணாவது, துணி வேண்டாம்னு முன்னாடியே சொல்லிடறது. இதைச் சொல்ல வேண்டியது வசதியான வீட்டுக்காரங்க. அவங்க நிறுத்தினாத்தான் சித்தி நிறுத்த முடியும். சித்தியே முதல்ல நிறுத்தினா "இல்லாத வீடு"ன்னு பேசுவாங்க.

நாலாவது, விருந்து எந்த ஊரோ அதைச் சுத்தியே பயணத்தையும் வச்சுக்கிறது. நம்ம ஊர் இருக்கிற இடம் அதுக்குன்னே அமைஞ்ச மாதிரி இருக்கு. ராசிபுரம், நாமக்கல் பக்கம் விருந்தா? ரெண்டு ஊர்ல இருந்தும் கொல்லிமலைக்கு பஸ் இருக்கு. காரவல்லியில ஏற ஆரம்பிச்சா 70 கொண்டை ஊசி வளைவு. மேல அறப்பளீஸ்வரர் கோயில், அங்கிருந்து ஆயிரத்துக்கும் மேல படி இறங்கினா ஆகாயகங்கை. கோடையில தண்ணி கம்மியா விழலாம், ஆனா படி ஏறி எறங்கி முடிக்கிறதுக்குள்ள ரெண்டு பேர் பேசுறதுக்கு ஏகப்பட்ட நேரம் கிடைக்கும். சோளக்காடு சந்தையில பலாவும் அன்னாசியும் வாங்கிட்டு வந்தா, அடுத்த விருந்து வீட்டுக்கு ஆப்பிள் வாங்குற செலவும் மிச்சம். சேலம் டவுன்ல விருந்துன்னா மறுநாள் ஏற்காடு. வாழப்பாடி, ஏத்தாப்பூர் பக்கம்னா 2022-ல கும்பாபிஷேகம் நடந்த 146 அடி முத்துமலை முருகன். மலேசியா பத்துமலை முருகனைவிட உசரம்.

செலவு? 2018 ஜனவரியில மாத்தின கட்டணப்படி சாதா மொபசல் பஸ்ல ஒரு ஆளுக்குக் கிலோமீட்டருக்கு 58 பைசா. 100 கிலோமீட்டருக்கு ரெண்டு பேருக்கு 116 ரூபா. மலைப்பாதைக்குக் கொஞ்சம் கூட ஆகும். சாதா டவுன் பஸ்ல 2021 மே மாசத்துல இருந்து பொம்பளைங்களுக்குக் கட்டணமே இல்ல, அதுல மாப்பிள்ளைக்கு மட்டும்தான் டிக்கெட். கொஞ்சம் தூரமாப் போகணும்னு ஆசைப்பட்டு ஊட்டியோ கொடைக்கானலோ போறதா இருந்தாலும் பஸ்லயே போங்க. 2024 மே மாசத்துல இருந்து அங்க போற சொந்த வண்டிக்கும் டாக்ஸிக்கும் இ-பாஸ் வேணும், அரசு பஸ்ல போனா அந்தத் தலைவலி கிடையாது. ரயில்ல போறவங்க ஒண்ணு ஞாபகம் வச்சுக்கோங்க. 2024 நவம்பர்ல இருந்து முன்பதிவு 120 நாள் இல்ல, 60 நாள்தான். மே மாசப் பயணத்துக்கு மார்ச்லயே உக்காந்தாத்தான் சீட்டு. லீவு அப்ளை பண்றதுக்கு முன்னாடியே டிக்கெட் தேதியைப் பெரியவங்ககிட்டச் சொல்லிட்டா, விருந்துத் தேதி தானா அதைச் சுத்தி அமைஞ்சிடும். "டிக்கெட் போட்டாச்சு மாமா"ன்னா எந்த மாமாவும் மறுத்துப் பேச மாட்டார்.

"இதெல்லாம் சொல்ல நல்லாருக்கும், ஒரு வீட்டுக்குப் போயிட்டு இன்னொரு வீட்டுக்குப் போகலன்னா காலத்துக்கும் சொல்லிக் காட்டுவாங்க"ன்னு கேக்கலாம். நியாயமான பயம்தான். போகாத வீட்டுப் பேச்சு, பத்து வருசம் கழிச்சு இன்னொரு கல்யாணப் பந்தியில கூட வரும். அதுக்காகத்தான் ஊருக்கொரு விருந்துன்னு சொல்றேன். ஒரு வீட்டையும் விட்டுட்டதா ஆகாது, எல்லாரும் ஒரே பந்தியில இருப்பாங்க. மிச்சம் இருக்கிறவங்களுக்குப் பொங்கல் இருக்கு, ஊர்ப் பண்டிகை இருக்கு. மொத கோடையிலயே எல்லாத்தையும் முடிச்சாகணும்னு யாரும் எழுதி வைக்கல.

இந்தப் பேச்சை அந்த ஜோடி எடுத்தா எடுபடாது. புதுப்பொண்ணு எடுத்தா கேக்கவே வேண்டாம், "வந்ததும் வராததுமா பிரிக்கப் பாக்குது"ம்பாங்க. எடுக்க வேண்டியது நாமதான். செமஸ்டர் முடிஞ்சு வீட்ல சும்மா இருக்கிற தம்பி, தங்கச்சி, மச்சான், கொழுந்தனார். நம்ம வீட்ல விருந்துப் பட்டியல் போடறப்ப பக்கத்துல உக்காருங்க. பக்கத்து வீட்டுப் பெரியம்மாவோட சேர்த்து ஒரே விருந்தா வைக்கலாமான்னு அம்மாகிட்டக் கேளுங்க. துணி எடுக்க ஆத்தூர் கிளம்புறதுக்கு முன்னாடி அப்பாகிட்டப் பேசுங்க. விருந்து அன்னைக்குப் பாத்திரம் கழுவ நீங்க எழுந்திரிங்க, அண்ணி உக்காரட்டும். சாப்பிட்டு முடிச்சதும் கொல்லிமலைக்குக் காலையில எத்தனை மணிக்கு பஸ்ஸுன்னு விசாரிச்சு அவங்க போனுக்கு அனுப்பிடுங்க. மறுநாள் காலையில அவங்க ரெண்டு பேர் மட்டும் கிளம்பட்டும்.