மதிப்பெண்ணும் மெய்ப்பாடும்

விளையாட்டுகளை இரு கூறாகப் பகுக்கலாம். முந்தியவர் யார் என்பதைக் கடிகாரமோ அளவுகோலோ சொல்லிவிடும் விளையாட்டுகள் ஒரு கூறு. சிறந்தவர் யார் என்பதை மனிதக் கண்ணே தேர்ந்து சொல்லவேண்டிய விளையாட்டுகள் மறு கூறு. முன்னதில் ஐயத்திற்கு இடம் குறைவு. பின்னதிலோ ஐயமே சுவையின் தொடக்கம். இந்த இரண்டாம் கூற்றுள் மிக நுட்பமானதும், நம் நாட்டில் மிகக் குறைவாக அறியப்பட்டதும் ‘டிரஸ்ஸாஜ்’ எனப்படும் குதிரை நடைப் போட்டியாகும்.

கன்னட நாட்டு எல்லையை ஒட்டிய கிருஷ்ணகிரி மாவட்டத்தில், கல்லாவி போன்றதோர் ஊரில் இருந்துகொண்டு ஐரோப்பியச் சீமான்களின் விளையாட்டைப் பற்றிப் பேசுவானேன் என்று வினவுவோர் உண்டு. தமிழ் கற்பிப்பவனுக்குக் குதிரையோடு என்ன உறவு என்று நகைப்போரும் உண்டு. இவ்விரு வினாக்களுக்கும் விடை கூறி, இப்போட்டியைக் காணும் ரசிகர் எதைக் கொண்டு மதிப்பிடவேண்டும் என்ற என் கருத்தையும் முன்வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

குதிரையும் நம் மண்ணும்

குதிரை நமக்கு அயலானதன்று. கடல்வழியே வந்திறங்கிய குதிரைகளைப் பட்டினப்பாலை பேசுகிறது. புறத்துறைகளுள் ‘குதிரை மறம்’ என்றே ஒரு துறை உண்டு. குதிரையின் நடைகளுக்கு மயூரகதி, வானரகதி என்றெல்லாம் பெயர் வழங்கிய மொழி நம்முடையது.

பாண்டியர் ஆட்சியில், 13ஆம் நூற்றாண்டில், அரபு நாட்டுக் குதிரைகள் காயல் துறையில் வந்திறங்கின. அந்நூற்றாண்டின் இறுதியில் இங்கு வந்த மார்க்கோ போலோ, அவ்வணிகத்தின் செழிப்போடு ஒரு கசப்பான செய்தியையும் பதிவு செய்துள்ளார். பெரும்பொருள் கொடுத்து வாங்கிய குதிரைகளுள் மிகப் பல, பேணத் தெரிந்தோர் இன்மையால், விரைவில் மடிந்தனவாம். அதனால் ஆண்டுதோறும் புதியன வாங்கவேண்டியிருந்ததாம். வாங்கத் தெரிந்த அளவுக்குப் பேணத் தெரியவில்லை என்ற அந்தப் பழி இன்றும் நினைக்கத்தக்கது.

நம் வட்டாரத்திற்கு வருவோம். ஓசூரை அடுத்த மத்திகிரியில் இன்று இயங்கும் பெரிய கால்நடைப் பண்ணை, 1824இல் கிழக்கிந்தியக் கம்பெனியார் படைக்குதிரைகளுக்காகத் தொடங்கியதாகும். எல்லைக்கு அப்பால் உள்ள குனிகல் குதிரைப் பண்ணையின் வரலாறு திப்பு சுல்தானின் படையோடு தொடர்புடையது. ஓசூருக்குக் கூப்பிடு தொலைவில் உள்ள பெங்களூரு தந்த வீரர் ஃபவாத் மிர்சா. டோக்கியோ ஒலிம்பிக் 2021இல் நடைபெற்றபோது, நடை, நாட்டுப்புற ஓட்டம், தடைதாண்டல் என்னும் மூன்று கட்டங்கள் கொண்ட போட்டியில் அவர் கலந்துகொண்டார். முதற்கட்டமான டிரஸ்ஸாஜில் 28.00 தண்டப்புள்ளிகள் மட்டுமே பெற்று ஒன்பதாம் இடத்தில் நின்றார். நிறைவில் அவர் அடைந்த இடம் 23. ஆக, இவ்விளையாட்டு நம் வாசலுக்கு வந்து நெடுநாளாயிற்று. நாம்தான் எழுந்து சென்று கதவைத் திறக்கவில்லை.

போட்டியின் இலக்கணம்

டிரஸ்ஸாஜ் என்ற பிரெஞ்சுச் சொல்லுக்குப் பயிற்றுதல் என்பது பொருள். 60 மீட்டர் நீளமும் 20 மீட்டர் அகலமும் உடைய மணற்களத்தில், வீரரும் குதிரையும் முன்பே வகுக்கப்பட்ட அசைவுகளை வரிசை பிறழாமல் செய்துகாட்ட வேண்டும். நான்கு தட்டு விழும் நடை, இரண்டு தட்டு விழும் துள்ளுநடை, மூன்று தட்டு விழும் பாய்ச்சல் நடை ஆகிய மூன்றே அடிப்படை. இம்மூன்றின் விரிவும் சுருக்கமும் திருப்பமுமே எஞ்சியவை. நின்ற இடத்திலேயே தாளம் தவறாமல் துள்ளுவதற்குப் பியாஃப் என்றும், காற்றில் ஒரு கணம் தங்கித் தங்கி முன்னேறும் துள்ளுநடைக்குப் பசாஜ் என்றும் பெயர். இவ்விரண்டும் உச்சநிலைப் போட்டியின் உயிர்நாடி.

ஒவ்வோர் அசைவுக்கும் சுழியம் முதல் பத்து வரை மதிப்பெண் உண்டு. அரை மதிப்பெண்ணும் வழங்கலாம். சில அசைவுகளுக்கு இரட்டை மதிப்பு. பெரும்போட்டிகளில் களத்தைச் சுற்றி நடுவர் ஐவரும், ஒலிம்பிக்கில் எழுவரும் அமர்வர். ஒவ்வொரு நடுவர் அருகிலும் ஓர் எழுத்தர் இருப்பார். நடுவர் களத்திலிருந்து கண்ணை எடுக்காமல் எண்ணையும் குறிப்பையும் வாயால் சொல்ல, எழுத்தர் அதனைத் தாளில் இறக்குவார். முற்காலத்தில் புலவர் சொல்ல மாணாக்கர் ஏட்டில் எழுதிய முறை நம் நினைவுக்கு வருகிறது. நடுவர் வழங்கிய மதிப்பெண்கள் விழுக்காடாக மாற்றப்பட்டு, அவற்றின் சராசரியே முடிவாகிறது.

ஹாங்சோவில் கிடைத்த பொன்

2023 செப்டம்பர் 26 அன்று சீனாவின் ஹாங்சோ நகரில், ஆசிய விளையாட்டுப் போட்டியின் டிரஸ்ஸாஜ் குழுப் பிரிவில் இந்தியா தங்கம் வென்றது. 1982இல் தில்லி ஆசியப் போட்டிக்குப் பின் 41 ஆண்டுகள் கழித்துக் குதிரையேற்றத்தில் கிடைத்த தங்கம் அது. அனுஷ் அகர்வல்லா 71.088, ஹிருதய் சேடா 69.941, திவ்யகிருதி சிங் 68.176, சுதிப்தி ஹஜேலா 66.706 எனப் பெற்றனர். முதல் மூவரின் கூட்டுத்தொகையான 209.205 இந்தியாவுக்குப் பொன்னைத் தந்தது. சீனா 204.882, ஹாங்காங் 204.852. வெள்ளிக்கும் வெண்கலத்திற்கும் இடையே இருந்த வேறுபாடு 0.030 மட்டுமே என்பதை ஊன்றிக் கவனிக்க.

அன்று நாடே மகிழ்ந்தது. மகிழ்ந்தவருள் எத்தனை பேர் அக்குதிரைகளின் நடையைக் கண்டனர்? செய்தித்தாள்களில் பதக்கம் இருந்தது, எண்கள் இருந்தன, எட்ரோ, எமரால்டு, அட்ரினலின், சின்ஸ்கி என்னும் நான்கு குதிரைகளின் பெயர்கள் பெரும்பாலும் கடைசி வரியில் இருந்தன. சுமந்ததும் ஆடியதும் வென்றதும் அவையே அல்லவா?

அடுத்த சில நாள்களில் தனிநபர் போட்டி. அனுஷ் 73.030 பெற்று வெண்கலம் வென்றார். முந்தைய சுற்றில் முன்னணியில் நின்ற ஹிருதய் சேடாவோ இறுதிச் சுற்றில் விலக்கப்பட்டார். குதிரையின் காலில் இரத்தக் கசிவு காணப்பட்டதே காரணம். இதில் வீரரின் குற்றம் எதுவுமில்லாமல் இருக்கலாம். நடக்கும்போது குதிரையின் ஒரு கால் மறுகாலில் உரசுவதும் உண்டு. ஆயினும் இரத்தம் கண்டவுடன் போட்டியை நிறுத்துவது விதி. கைக்கெட்டியது வாய்க்கெட்டவில்லையே என்று நம்மவர் வருந்தினர். வருத்தம் இயல்பே. ஆனால் நான் அந்த விதியின் பக்கமே நிற்பேன். பேசமுடியாத உயிருக்காகப் பேசும் ஒரே சட்டம் அதுதான். நம் நாட்டுக்கு எதிராக அது பாயும்போதும் அதனை வாழ்த்தத் தெரிந்தவரே மெய்யான ரசிகர்.

நடுவரும் மனிதரே

நடுவர் முடிவை அப்படியே ஏற்பதுதானே முறை என்பர் சிலர். வரலாறு அவ்வாறு சொல்லவில்லை. 1956ஆம் ஆண்டு ஒலிம்பிக்கின் குதிரைப் போட்டிகள் ஸ்டாக்ஹோமில் நடந்தபோது, சுவீடன் நடுவரும் ஜெர்மன் நடுவரும் தத்தம் நாட்டு வீரர்களையே முன்னிடங்களில் வைத்தனர். பன்னாட்டுக் குதிரையேற்றக் கூட்டமைப்பு அவர்கள்மீது நடவடிக்கை எடுக்க நேர்ந்தது.

விடைத்தாள் திருத்தும் நமக்கு இது புதிதன்று. ஒரே விடைக்கு இருவர் இருவேறு மதிப்பெண் இடுவதும், வேறுபாடு மிகும்போது தாள் மூன்றாமவரிடம் செல்வதும் நாம் அறிந்தவை. எழுவர் ஏழு திசையிலிருந்து நோக்கும்போது ஒருவருக்குக் குதிரையின் மார்பும், மற்றொருவருக்கு அதன் விலாவும் தெரிகின்றன. வேறுபாடு தவிர்க்க இயலாதது. எனவே ரசிகரும் தமக்கென ஒரு கண் வைத்திருத்தல் பிழையாகாது. அந்தக் கண் எதைப் பார்க்கவேண்டும் என்பதே வினா.

மெய்ப்பாடு காட்டும் வழி

இங்கேதான் தமிழ் துணைக்கு வருகிறது. உள்ளத்து உணர்வு உடலின் வழியே புலப்படுவதை மெய்ப்பாடு என்று வகுத்தார் தொல்காப்பியர். நகை முதல் உவகை ஈறாக அவர் எண்ணிய எட்டனுள் அச்சமும் உண்டு, பெருமிதமும் உண்டு. டிரஸ்ஸாஜின் முழுச் சிக்கலும் இவ்விரண்டையும் பிரித்தறிவதில் அடங்கியுள்ளது என்பேன். கால் உயர்கிறது. அது பெருமிதத்தால் உயர்ந்ததா, அச்சத்தால் உயர்ந்ததா? கழுத்து வளைகிறது. தானே வளைந்ததா, கடிவாளம் வளைத்ததா?

கூட்டமைப்பின் விதிநூலும் இதற்கு மாறுபடவில்லை. குதிரையை இணக்கமான பயிற்சியால் மகிழ்ச்சியுள்ள வீரனாக வளர்ப்பதே இப்போட்டியின் நோக்கம் என்று அது கூறுகிறது. நம் சொல்லில் அது உவகை. கி.மு. 4ஆம் நூற்றாண்டில் குதிரையேற்றம் பற்றி நூல் எழுதிய கிரேக்கர் செனபோனும், கட்டாயத்தால் வருவது அழகாகாது என்று கூறி, சாட்டையால் அடித்து ஆடவைக்கப்படும் கூத்தரை அதற்கு உவமை காட்டினார்.

இதனை அறியக் குதிரைச் சவாரி தெரிந்திருக்க வேண்டியதில்லை. நம் சந்தையில் ஆலம்பாடி மாட்டைப் பிடிக்க வரும் உழவர் என்ன செய்கிறார்? சற்று நடக்கவிட்டுக் காதைப் பார்க்கிறார், வாலைப் பார்க்கிறார், கண்ணைப் பார்க்கிறார், அதன்பிறகே துண்டுக்குள் விரல்பிடித்து விலை பேசுகிறார். அதே கண் குதிரைக்கும் போதும். வால் இடைவிடாமல் சுழன்றடித்தால் அங்கே எதிர்ப்பு இருக்கிறது. வாய் பிளந்திருந்தால் கடிவாளம் வருத்துகிறது. தலையின் பின்னுச்சியே மிக உயர்ந்த இடமாகவும், முகம் செங்குத்துக் கோட்டுக்குச் சற்று முன்னதாகவும் இருப்பதே நன்னிலை. மோவாய் மார்பில் முட்டுமாறு கழுத்து இழுத்துச் சுருட்டப்பட்டிருந்தால், கால் எவ்வளவு உயர்ந்தாலும் அழகு குன்றியதே. வலிந்து கழுத்தைச் சுருட்டும் இம்முறையைக் கூட்டமைப்பு 2010இல் ஏற்கத்தகாதது என அறிவித்தது.

ஓர் எச்சரிக்கையும் வேண்டும். ஒரு கணத்தின் நிழற்படத்தைக் காட்டி ஒரு வீரரைக் கொடியவர் என்று தூற்றுவது நேர்மையன்று. ஒரு சீரை மட்டும் பிடித்துக்கொண்டு செய்யுள் முழுவதையும் பழிப்பது போன்றது அது. முதலிலிருந்து முடிவு வரை பார்த்தபின்பே தீர்ப்புக்கு உரிமை உண்டு. திரையில் ஓடும் மதிப்பெண்ணை ஒரு தாளால் மறைத்துவிட்டு, நானே எண்ணிட்டு, முடிவில் தாளை எடுத்து ஒப்பிடுவது என் வழக்கம். நடுவரோடு ஒத்துப்போனால் மகிழ்ச்சி. ஒத்துப்போகாவிடில் மீண்டும் ஒருமுறை பார்ப்பதற்கு அதுவே காரணம்.

சாட்டையும் சாதனையும்

2014 டிசம்பரில் இலண்டனில், வலெக்ரோ என்னும் குதிரையில் ஏறி இசைக்கேற்ற நடைப்பிரிவில் 94.300 விழுக்காடு பெற்றார் பிரிட்டனின் சார்லட் துஜார்டின். அதுவரை எவரும் எட்டாத உயரம் அது. அவரே 2024 ஜூலையில், பாரிஸ் ஒலிம்பிக் தொடங்கும் தறுவாயில் போட்டியிலிருந்து விலகினார். பயிற்சியின்போது வேறொரு குதிரையின் கால்களில் அவர் சாட்டையால் திரும்பத் திரும்ப அடித்த காணொளி வெளியானதே காரணம். ஓராண்டுத் தடையும் 10,000 சுவிஸ் பிராங்க் தண்டமும் அவருக்கு விதிக்கப்பட்டன.

வலெக்ரோவின் நடை அதனால் பொய்யாகிவிடாது. ஆனால் பத்துக்குப் பத்து வழங்கும் நடுவருக்குப் பயிற்சிக்கூடத்தின் சுவர்களுக்குள் நடப்பது தெரியாது என்பதை உலகம் அன்று அறிந்தது. மதிப்பெண் ஆறேழு நிமிடங்களுக்கு உரியது. குதிரையின் வாழ்வோ ஆண்டுகளுக்கு உரியது.

அதே பாரிஸில், ஒலிம்பிக் டிரஸ்ஸாஜில் கலந்துகொண்ட முதல் இந்தியராக அனுஷ் அகர்வல்லா, சர் கரமெல்லோ ஓல்டு என்ற குதிரையோடு களமிறங்கினார். 66.444 பெற்று 52ஆம் இடம் அடைந்தார். தோல்வி என்று சிலர் எழுதினர். ஆசியாவில் வென்றவர் உலகின் முன் எங்கே நிற்கிறார் என்பதைக் காட்டும் நேர்மையான அளவுகோல் அது என்பதே என் கருத்து.

ரசிகரின் கடன்

இனி வரும் ஆண்டுகளில் நம் நாட்டுக்கு இவ்விளையாட்டில் மேலும் பதக்கங்கள் வரலாம். பொருள் வளம் உடையோர் ஐரோப்பாவில் குதிரை வாங்குவர், பயிற்சியும் பெறுவர். ரசிகர் கூட்டம் பதக்கத்தை மட்டுமே கேட்குமாயின், அதற்கான விலையை வாய்பேசாக் குதிரையே செலுத்தும். காயல் துறையில் இறங்கிய குதிரைகளின் கதை புதிய வடிவில் தொடரும். குதிரை எப்படி நடந்தது என்று ரசிகர் கேட்கத் தொடங்கினால், வீரரும் பயிற்சியாளரும் அக்கேள்விக்கு விடை தந்தே ஆகவேண்டும்.

மாணவச் செல்வங்களே! செய்யுளை நலம் பாராட்டக் கற்றுக்கொள்கிறீர்கள். அந்தக் கண்ணை வகுப்பறையிலேயே விட்டுச் செல்லாதீர்கள். அடுத்த ஆசியப் போட்டியில் நம் கொடி ஏறும்போது மனமாரக் கைதட்டுங்கள். ஆனால் கைதட்டும் முன் ஒருமுறை குதிரையின் காதையும் வாலையும் கண்ணையும் பாருங்கள். அங்கே அச்சம் இல்லை என்று உங்கள் நெஞ்சு சொல்லுமாயின், அந்தக் கைதட்டல் குதிரைக்கும் உரியதாகும்.